வெண்புள்ளிக் கமிட்டியில் கோப்பை சுற்றிய விதம்

கொரியந்தெஸ் நகரத்தில் எம்.ஆர்.ஐ. இயந்திரம் வந்து இறங்குகிற வரைக்கும் யாருடைய மூளையிலும் வெண்புள்ளி இருந்ததில்லை. தலைவலி இருந்தது, மறதி இருந்தது, மாமியார் மேல் ஆத்திரம் இருந்தது. புள்ளி மட்டும் இல்லை. இயந்திரம் வந்த வருஷத்திலிருந்து ஊரில் பாதிப் பேருக்குப் புள்ளி. சான் எரஸ்மோ மருத்துவமனை இதைத் தன் சாதனைகளில் முதலாவதாகச் சேர்த்துக்கொண்டது.

திறப்பு விழாவுக்குத் தலைநகரிலிருந்து மந்திரி வந்திருந்தார். இயந்திர அறை வாசலில் ரிப்பன் கட்டி, அவர் கையில் பெரிய எஃகுக் கத்தரிக்கோல் ஒன்றைக் கொடுத்தார்கள். உள்ளே இருப்பது காந்தம், அதுவும் ராப்பகலாக விழித்திருக்கிற காந்தம் என்பது விழாக் குழுவில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. மந்திரி கத்தரிக்கோலை விரித்தார். அது அவர் விரல்களிடம் விடைபெற்றுக்கொண்டு, ரிப்பனுக்கு அடியில் புகுந்து பறந்து, இயந்திரத்தின் நெற்றியில் போய் ஒட்டிக்கொண்டது. எடுக்க வேண்டுமென்றால் காந்தத்தை அணைக்க வேண்டும். அணைக்க மந்திரியின் உத்தரவு வேண்டும். மந்திரி அதற்குள் மீன்வளத்துறைக்குப் போய்விட்டார். ரிப்பன் வெட்டப்படாததால் சட்டப்படி இயந்திரம் இன்னும் திறக்கப்படவில்லை. ஆகவே நோயாளிகள் ரிப்பன் மேல் படாமல் தவழ்ந்து உள்ளே போய், படம் எடுத்துக்கொண்டு, தவழ்ந்து வெளியே வருகிறார்கள். ஊருக்குப் பழகிவிட்டது.

புள்ளியைப் பார்த்தால் மட்டும் போதுமா, அது என்ன புள்ளி என்று சொல்ல வேண்டாமா? அதற்காக ஏற்பட்டதுதான் வெண்புள்ளிக் கமிட்டி. செவ்வாய்க்கிழமைகளில், மதியத் தூக்கத்துக்கு முன்னால் கூடும். மதியத் தூக்கத்தை அந்த ஊரில் புரட்சிக்காரர்கள்கூடத் தள்ளிப்போட்டதில்லை என்பதால் எந்த நோயாக இருந்தாலும் அதற்குள் முடிவாகிவிட வேண்டும்.

இந்தக் கமிட்டியிடம்தான் ஃபெர்மின் ஓஹேதாவின் தலை வந்து சேர்ந்தது.

ஃபெர்மின் கால்பந்து லீக்கில் கோட்டு நடுவர். கையில் கொடியோடு மைதானத்தின் ஓரக் கோட்டில் முன்னும் பின்னும் ஓடி, ஆட்டக்காரன் ஆஃப்சைடில் நின்றால், அதாவது எதிராளிகளைத் தாண்டிக் கோல் பக்கம் முந்தி நின்றால், கொடியைத் தூக்குகிற வேலை. மீசை நரைக்கிற வரைக்கும் ஓடியும் அவருக்கு ஓர் இறுதிப் போட்டிகூடக் கொடுக்கப்பட்டதில்லை. இந்த வருஷம் கொடுத்திருந்தார்கள். ரிபெரா அணிக்கும் ஒலேரியா அணிக்கும், வருகிற ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் அந்த விபரீதம் நடந்துவிட்டது.

ஒரு சாதாரண லீக் ஆட்டத்தில், இரண்டாம் பாதியில், இடது கண்ணோரம் மின்னுகிற ரம்பப்பல் போல ஒரு வெளிச்சம் முளைத்தது. அது மெல்ல வளைந்து பெருத்தது. பந்தைப் பார்த்தால் பந்தில் பாதி இல்லை. ஆளைப் பார்த்தால் ஆளுக்குத் தலை இல்லை. விரல் நுனியில் எறும்பு ஊர்ந்து முழங்கைக்கு ஏறி உதட்டுக்கு வந்தது. ஃபெர்மின் நிதானம் தப்பிக் கொடியைத் தூக்கினார். யாருக்கு ஆஃப்சைடு என்று நடுவர் கேட்டபோது கோல்கீப்பரைக் காட்டினார். கோல்கீப்பர் அவருடைய சொந்தக் கோலுக்குள், கம்பத்தில் சாய்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"குருடா" என்று கோட்டு நடுவரைக் கத்துவது அந்த ஊரில் வணக்கம் சொல்வது மாதிரி. அன்றைக்கு மட்டும் யாரும் கத்தவில்லை. அதைக் கண்டுதான் ஃபெர்மின் பயந்தார்.

லீக் தலைவர் கூப்பிட்டு விட்டார். "இங்க பாரு சாமிகோ," என்றார். நண்பனை அந்த ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கழுத்தை அறுக்கும்போதும் அப்படித்தான். "மூளையப் படம் பிடிச்சு, தலை நல்லாத்தான் இருக்குன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வா. இல்லன்னா ஃபைனலுக்குக் கொடி உன் மச்சான் கைக்குப் போகும்."

மச்சானும் கோட்டு நடுவர்தான், ஆனால் அவனுக்குக் கண்ணாடி போட்டாலே ஒன்றும் தெரியாது. கண்ணாடி இல்லாமல்தான் ஓடுவான். ஃபெர்மின் அன்றே ரிப்பனுக்கு அடியில் தவழ்ந்தார்.

படத்தில் புள்ளி இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஃபெர்மினும் மனைவி டெல்ஃபினாவும் கமிட்டி அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பிப்ரவரிக் கோடை வெயிலில் சுவர் வியர்த்தது. சுவர் முழுக்க "கைகளைக் கழுவுங்கள்" என்று நோட்டீஸ். கழுவக் குழாய் இல்லை. குழாய் வருகிற இடத்தில்தான் நோட்டீஸ் ஒட்டியிருந்தது.

"பயமா இருக்கா?" என்றாள் டெல்ஃபினா.

"இல்ல."

"எனக்கு இருக்கு. நீ படுத்துட்டா உன் மச்சான் தினம் வந்து ஆறுதல் சொல்லுவான். அத என்னால தாங்க முடியாது."

உள்ளே கூட்டம் ஆரம்பிக்கவில்லை. காரணம் பெரியது. கமிட்டியின் செயலாளர் செலா, கார்னிவல் திருவிழாவில் ஆடுவதற்காக முதுகில் இறகு கட்டிக்கொண்டு ஒத்திகைக்குப் போய்விட்டாள். அவள்தான் தெரேரே ஊற்றுகிறவள்.

தெரேரே என்றால், ஐஸ் தண்ணீரை மாத்தே என்ற கசப்பு இலை மேல் ஊற்றி, ஒரே கோப்பையை, ஒரே குழலை, வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு ஒரு முறை உறிஞ்சிக் காலி செய்து திருப்பிக் கொடுப்பது. இது இல்லாமல் அங்கே கல்யாணம் பேசுவதில்லை, துக்கம் விசாரிப்பதில்லை, அறுவை சிகிச்சை ஆரம்பிப்பதில்லை. கமிட்டியில் அது சட்டமாகவே ஆகியிருந்தது: கோப்பை யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். வட்டத்தில் இல்லாதவருக்கு வாய் இல்லை.

வட்டத்தில் இருந்த மூன்று டாக்டர்களும் ஊற்றத் தெரிந்தவர்கள்தான். ஆனால் ஒருவர் ஊற்றி மற்றவர் குடித்தால் யார் பெரியவர் என்ற கேள்வி எழும். அந்தக் கேள்விக்குப் போன வருஷம் நான்கு கூட்டங்கள் செலவாகியிருந்தன. தலைவர் டாக்டர் பால்தசார் இத்துரால்தே கதவைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்தார். பெஞ்சில் ஒருவர் கக்கத்தில் தெர்மாஸோடு இருந்தார்.

"நீ ஊத்துவியா?"

"யாரு ஊத்த மாட்டாங்க டாக்டர்?" என்றார் ஃபெர்மின்.

"உள்ள வா."

டெல்ஃபினா கதவிடுக்கில் நின்றுகொண்டாள். ஃபெர்மின் வட்டத்தின் நடுவில் முக்காலியில் உட்கார்ந்து, முறைப்படி முதல் கோப்பையைத் தானே குடித்தார். ஊற்றுகிறவருக்கு முதல் கோப்பை. இலையின் கசப்பும் தூசியும் அவருக்கு. நிமிர்ந்து பார்த்தால் எதிரே வெளிச்சப் பெட்டியில் அவருடைய மூளை தொங்கிக்கொண்டிருந்தது. கீழே பெயரும் இருந்தது.

"நோயாளி எங்க?" என்று கேட்டார் டாக்டர் லெய்வா.

"நோயாளி எதுக்கு? படம் வந்திருக்கே," என்றார் இத்துரால்தே. "நோயாளி வந்தா பேசுவான். பேசினா குழப்பம்."

அடுத்த கோப்பை தலைவருக்குப் போனது. இத்துரால்தே நரம்பியல் துறைத் தலைவர். குரல் மாதாகோவில் மணி மாதிரி. "கனவான்களே," என்று ஆரம்பித்தார். "இது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். எம்.எஸ். உடம்போட காவல்காரனே வீட்டுக்குள்ள புகுந்து நரம்போட மேலுறையைக் கடிச்சுத் தின்கிற நோய். எப்படிச் சொல்றேன்? புள்ளி வெள்ளையா இருக்கு. இந்த நோயாளி இளம்பெண்."

"ஃபைல்ல ஆண்னு போட்டிருக்கு. வயசு நாப்பத்தெட்டு," என்றார் லெய்வா.

"கோப்பை என் கையில இருக்கு லெய்வா. இந்த நோய் இளம்பெண்களுக்குத்தான் அதிகம். ஆகவே ஃபைல் தப்பு. நான் இந்த நாற்காலியில உட்கார்ந்த நாள்ளேர்ந்து ஒரு தடவகூட நோயைத் தப்பாச் சொன்னதில்ல. ஏன்? எல்லாருக்கும் நான் ஒரே நோயைத்தான் சொல்றேன். தப்பு நுழையறதுக்கு வாசலே வைக்கிறதில்ல." ஒரு முறை உறிஞ்சினார். "புது ஊசி ஒண்ணு வந்திருக்கு. காவல்காரனையே தூங்க வச்சிடும். அந்தக் கம்பெனிக்காரங்க என்னைக் கடற்கரை ஓட்டல்ல ஒரு வாரம் உட்கார வச்சு விளக்கினாங்க. அவங்க அவ்வளவு சிரமப்பட்டு விளக்கின மருந்தைப் பயன்படுத்தாம இருந்தா மரியாதையா?"

குழல் கடகடவென்று சத்தம் போட்டது. கோப்பை காலி. ஃபெர்மின் வாங்கி மறுபடி ஊற்றி டாக்டர் ரொய்போன் அம்மாளிடம் கொடுத்தார்.

ரொய்போன் அம்மாள் தொற்றுநோய்த் துறை. உலகத்தில் கிருமி தவிர வேறு எதையும் அவர் நம்புவதில்லை. "எம்.எஸ். குளிர்தேசத்துப் பணக்கார வியாதி," என்றார். "நம்ம ஊர்ல கொசு இருக்கு, உண்ணி இருக்கு, ஆத்துத் தண்ணி இருக்கு. அதெல்லாம் சும்மாவா உட்கார்ந்திருக்கும்? இது தொற்று. முதுகெலும்புல ஊசி போட்டுத் தண்ணி எடுக்கணும், மூணு வாரம் மருந்து ஏத்தணும். இந்த ஜனங்களுக்கு எத்தன தடவ சொன்னாலும் புரியறதில்ல. ஒருத்தர் எச்சில் இன்னொருத்தருக்குப் போறதுலதான் பாதி வியாதி." சொல்லி முடித்து, நிறைவாக ஒரு முறை உறிஞ்சி, லெய்வாவுக்குப் போகட்டும் என்று கோப்பையை நீட்டினார்.

டாக்டர் லெய்வா ரத்தக்குழாய் நிபுணர். ஒரு கையில் சிப்பா வைத்திருந்தார். பாலாடைக்கட்டி ரொட்டி, சூடானது. கோப்பை வந்ததும் ரொட்டியைத் தொடை மேல் வைத்துக்கொண்டார். "சின்னச் சின்ன ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. எனக்குக்கூடத் தலையில இதே மாதிரி புள்ளி இருக்கு, எனக்கு என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல. அதனால இது ரொம்ப ஆபத்தானது. ரத்தத்தை இளக்கற மாத்திரை. உப்பு, கொழுப்பு, பாலாடைக்கட்டி எல்லாத்தையும் இன்னையோட நிறுத்தணும்." தொடையிலிருந்த சிப்பாவில் ஒரு கடி கடித்தார்.

மூன்று பேர், மூன்று கருத்து. சுவர்க் கடிகாரம் மதியத் தூக்கத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. கமிட்டியின் பெருமையே இந்த மாதிரி நேரத்தில் காட்டுகிற பரந்த மனசுதான்.

"யார் மனசும் நோக வேண்டாம்," என்றார் இத்துரால்தே, கோப்பை தன்னிடம் திரும்பியதும். "மூணு வைத்தியத்தையும் ஒண்ணா ஆரம்பிப்போம். தூங்கி எழுந்ததும் ஆளை அட்மிட் பண்ணுங்க. ஊசி காவல்காரனைத் தூங்க வைக்கும். கிருமி இருந்தா அது முழிச்சுக்கும். அதுக்கு அம்மாவோட மருந்து. ரத்தம் இளகியிருக்கும்போது முதுகுல குத்தினா கொஞ்சம் கசியலாம். அப்ப லெய்வா தன் மாத்திரையை நிறுத்திடுவார். எல்லாருக்கும் வேலை இருக்கு."

ஃபெர்மின் தெர்மாஸைக் கீழே வைத்தார். "டாக்டர்," என்றார். "அந்த ஆளு நான்தான்."

மூவரும் அவரை, தெர்மாஸ் பேசியதைப் போலப் பார்த்தார்கள்.

"ஊத்தறவர் பேசக் கூடாது," என்றார் ரொய்போன் அம்மாள்.

"முதல் கோப்பை நீதானே குடிச்ச? அப்பவே பேசியிருக்கணும்," என்றார் இத்துரால்தே. குரலில் கோபம் இல்லை. விதியை விளக்கினார், அவ்வளவுதான். "இப்ப ஊத்து. கடைசிச் சுற்று. அப்புறம் கையெழுத்து."

ஃபெர்மின் தெர்மாஸைத் தூக்கினார். அப்போதுதான் மூலையில் இருந்தவரை ஒழுங்காகப் பார்த்தார்.

ஏ.சி. சொட்டுகிற மூலையில், வட்டத்துக்கு வெளியே, ஒரு நாற்காலியில் இளம் டாக்டர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு படம். வலது கை மேலே தூக்கியபடி இருந்தது. கூட்டம் ஆரம்பித்ததிலிருந்தே அந்தக் கை இறங்கவில்லை.

அவர் டாக்டர் யாமிலே ஓஸ்பினா. கொலம்பியாவின் பாஸ்தோ நகரத்துக்காரர். மூளைப்படம் பார்ப்பதற்கென்றே படித்து வந்தவர். வந்த முதல் செவ்வாய்க்கிழமை கமிட்டியில் உட்கார வைத்து, அன்போடு கோப்பையைக் கொடுத்தார்கள். சுவரெல்லாம் கைகழுவச் சொல்கிற மருத்துவமனையாயிற்றே என்று நம்பி, அவர் பையிலிருந்து ஸ்பிரிட் நனைத்த பஞ்சை எடுத்துக் குழலின் வாயைத் துடைத்தார்.

அந்த ஊரில் கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைக் குத்தியவனை மன்னித்திருக்கிறார்கள், அடுத்த தெருவில் இன்னொரு குடும்பம் வைத்திருந்தவனை மன்னித்திருக்கிறார்கள். குழலைத் துடைத்தவரை மன்னித்த சரித்திரம் இல்லை. அடுத்த சுற்றில் கோப்பை அவரைத் தாண்டிப் போனது. அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை நாற்காலி வட்டத்திலிருந்து ஒரு சாண் நகர்ந்திருந்தது. இப்போது ஏ.சி.யின் அடியில் வந்து நின்றிருந்தது. அத்தனை செவ்வாய்க்கிழமைகளாக அவர் கையைத் தூக்கியபடியே இருந்தார். தூக்கியே வைத்திருந்ததில் புஜம் பெருத்து, அந்தப் பக்கத்துச் சட்டைக் கை கொஞ்சம் இறுக்கமாகிவிட்டிருந்தது.

ஃபெர்மினுக்கு வைத்தியம் தெரியாது. ஆனால் தூக்கிய கையைத் தெரியும். கொடியைத் தூக்கிக்கொண்டு கோட்டோரம் நின்று, நடுவர் இந்தப் பக்கம் திரும்பவே மாட்டாரா என்று தவிக்கிற தவிப்பில் பாதி ஆயுசைக் கழித்தவர் அவர். எதையோ பார்த்துவிட்டவர்தான் அப்படிக் கையைத் தூக்கி வைத்திருப்பார்.

ஊற்றினார். எழுந்தார். நீட்டியிருந்த இத்துரால்தேயின் கையைத் தாண்டி, ரொய்போன் அம்மாளைத் தாண்டி, லெய்வாவின் சிப்பாவைத் தாண்டி மூலைக்குப் போய் டாக்டர் ஓஸ்பினாவிடம் கோப்பையைக் கொடுத்தார்.



ஓஸ்பினா கோப்பையை வாங்கினார். இன்னொரு கை, பழக்க தோஷம், கோட்டுப் பைக்குள் போனது. பஞ்சின் நுனி வெளியே தெரிந்தது. மூன்று டாக்டர்களும் நாற்காலி விளிம்புக்கு வந்தார்கள். கதவிடுக்கில் டெல்ஃபினா சிலுவை போட்டுக்கொண்டாள். ஃபெர்மின் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார், பெனால்டி உதைக்கப் போகிறவனைப் பார்ப்பதுபோல.

பஞ்சு பைக்குள் திரும்பிப் போனது. ஓஸ்பினா கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் உறிஞ்சினார். ஒரே ஒரு வாய். மிச்சத்தைக் காலி செய்யவில்லை. கோப்பை காலியாகாத வரைக்கும் முறை அவருடையதுதான் என்பதை, வெளியே உட்கார்ந்தே அவர் நன்றாகப் படித்திருந்தார்.

"இது எம்.எஸ். இல்லீங்க," என்றார்.

இத்துரால்தே வாயைத் திறந்தார். ஓஸ்பினா கோப்பையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினார். வாய் மூடிக்கொண்டது.

"வெள்ளையா இருக்கிறது எல்லாம் ஒண்ணு இல்ல. எங்க இருக்கு, எதைத் தொட்டுக்கிட்டு இருக்குன்னு பார்க்கணும். மூளைக்கு நடுவுல தண்ணி நிக்கிற அறை இருக்கு பாருங்க. எம்.எஸ். புள்ளி அதோட சுவரை ஒட்டி, விரல் நட்டு வச்ச மாதிரி நிக்கும். இல்லன்னா மூளையோட வெளி ஓரத்தை ஒட்டும். பின்மூளையில இருக்கும், தண்டுவடத்துல இருக்கும். இவர் புள்ளி எதையும் தொடல. நடு வெளியில, ஆளுக்கொரு பக்கம் சின்னச் சின்னதா நிக்குது. தண்டுவடத்தையும் படம் எடுத்தேன். சுத்தமா இருக்கு."

"கோட்டத் தொடல," என்று ஃபெர்மின் முணுமுணுத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக வைத்தியம் ஒன்று அவருக்கு விளங்கியது.

"இன்னொண்ணு." மடியிலிருந்த படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். அதில் கருப்புக் கோடுகள் மெல்லிய வேர் மாதிரி ஓடின. "இது சிரை தெரியற படம். எம்.எஸ். புள்ளின்னா நிறையப் புள்ளிகளுக்கு நடுவுல ஒரு சின்னச் சிரை போகும், பாசிமணிக்குள்ள நூல் போற மாதிரி. இங்க பாருங்க. மணி இருக்கு. நூல் எங்கேயும் இல்ல."

"நம்ம மெஷின்ல அந்த வசதியே கிடையாதே," என்றார் லெய்வா, கோப்பை இல்லாமலே. அதிர்ச்சியில் யாரும் கண்டிக்கவில்லை.

"இருக்கு டாக்டர். அந்தப் பொத்தான் மேலதான் மந்திரியோட போட்டோவை ஒட்டியிருக்கீங்க. மூக்குக்கு நேரா அமுக்கினா வேலை செய்யுது."

இத்துரால்தே நெற்றியைத் துடைத்தார். "அந்தப் பொத்தானை எனக்குத் தெரியும். அமுக்கினா கூட அஞ்சு நிமிஷம் ஆகும். மதியத் தூக்கம் என்ன ஆறது?"

ஓஸ்பினா ஃபெர்மின் பக்கம் திரும்பினார். "ஐயா, அந்த வெளிச்சம் போனதுக்கப்புறம் தலை வலிச்சுதா?"

"ஊத்தறவர் பேசக் கூடாது," என்றார் ரொய்போன் அம்மாள்.

"அப்படியா? ஐயா, இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கங்க." ஓஸ்பினா பாதி நிறைந்த கோப்பையை ஃபெர்மின் கையில் வைத்தார்.

கோப்பை கையில் இருந்தது. சட்டப்படி ஃபெர்மினுக்கு வாய் வந்துவிட்டது. "வலிச்சுது டாக்டர். பாதித் தலை, கோடரி இறங்கின மாதிரி. வாந்தி வந்துச்சு. ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவ வரும். வெளிச்சம்தான் இந்தத் தடவ புதுசு."

"ஜன்னல் எல்லாத்தையும் சாத்திட்டு, கோழி கத்தினாக்கூட என்கிட்ட சண்டைக்கு வருவார்," என்றாள் டெல்ஃபினா கதவிலிருந்து.

"இத ஏன் முன்னாலயே சொல்லல?" என்றார் இத்துரால்தே.

ஃபெர்மின் கோப்பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "யாரும் கேக்கல டாக்டர். நோயாளி வந்தா குழப்பம்னு சொன்னீங்க."

"ஒற்றைத் தலைவலி," என்றார் ஓஸ்பினா, கோப்பையைத் திரும்ப வாங்கிக்கொண்டு. "வெளிச்சம் வர்றது, விரல்லேர்ந்து உதட்டுக்கு மரத்துப்போறது, எல்லாம் அதோட முன்னோட்டம். அந்த மாதிரி தலைவலிக்காரங்களுக்கு இப்படிப் புள்ளி இருக்கிறது சகஜம். ஒரே படத்தை வச்சு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆறு மாசம் கழிச்சு இன்னொரு தடவ எடுத்து, புதுசா எதுவும் முளைக்கலையான்னு பார்ப்போம். இப்போதைக்கு அந்த ஊசி வேண்டாம், முதுகுல குத்த வேண்டாம். வெயில்ல தொப்பி போட்டுக்கங்க. வேளைக்குச் சாப்பிடுங்க. வலிக்கு மாத்திரை எழுதித் தர்றேன்."

மிச்சத்தைக் கடகடவென்று உறிஞ்சிக் காலி செய்தார். டெல்ஃபினா கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து முந்தானை இல்லாத குறைக்குப் பாவாடையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கமிட்டிக்கு இப்போது ஒரு சிக்கல். தலைவர் எம்.எஸ். என்று ஒரு தடவை சொன்னது சொன்னதுதான்; அதை வாபஸ் வாங்க விதி இல்லை. ஆனால் நோயாளிக்கு அது இல்லை. இத்துரால்தே நெடுநேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். பிறகு முகம் மலர்ந்தது.

"கனவான்களே, முதல் சுற்றுல இந்த ஆளுக்கு எம்.எஸ். இருந்தது. கடைசிச் சுற்றுல இல்ல. இடைப்பட்ட நேரத்துல என்ன நடந்தது? கமிட்டி கூடியிருந்தது. ஆகவே கமிட்டியால குணமாச்சு."

ஏகமனதாக நிறைவேறியது. ஊசி இல்லாமல், மருந்து இல்லாமல், வெறும் விவாதத்தால் எம்.எஸ். குணமான முதல் மனிதர் என்று ஃபெர்மினின் பெயரைப் பித்தளைத் தகட்டில் பொறித்தார்கள். அதை மாட்ட இடம் தேடி, கடைசியில் கைகழுவுகிற நோட்டீஸ் ஒன்றைக் கிழித்துவிட்டு மாட்டினார்கள். பின்னாலிருந்து தண்ணீர்க் குழாய் வெளிப்பட்டது. தகட்டில் துவாரம் போட்டுக் குழாயை வெளியே விட்டார்கள். இப்போது அந்தத் தளத்தில் கை கழுவ வேண்டுமென்றால் ஃபெர்மினின் பெயரில்தான் கழுவ வேண்டும்.

சான்றிதழோடு வீட்டுக்கு வந்த ஃபெர்மின் அதை மச்சானிடம் காட்டினார். மச்சான் வெகு நேரம் தலைகீழாகப் படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி. ஃபெர்மின் தொப்பி போட்டுக்கொண்டு ஓடினார். கண்ணில் ரம்பப்பல் இல்லை, விரலில் எறும்பு இல்லை. ஆட்டம் முடியப் போகிற நேரம், ஒலேரியா ஒரு கோல் முன்னால். ரிபெராவின் முன்னாட்டக்காரன் பந்தைக் கோலுக்குள் தள்ளினான். ஊரே எழுந்து நின்றது. கோட்டோரம் கொடி உயர்ந்திருந்தது.

ஆஃப்சைடு. முழங்கால் அளவுக்கு ஆஃப்சைடு. ஃபெர்மின் தன் ஆயுசில் இவ்வளவு தெளிவாக எதையும் பார்த்ததில்லை.

"குருடா" என்று மைதானம் முழுவதும் கத்தியது. ஃபெர்மினுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எல்லாம் பழையபடி சரியாகிவிட்டது. அந்தச் சத்தத்துக்கு மேலே, கௌரவ இருக்கைகளிலிருந்து, மாதாகோவில் மணி போல் ஒரு குரல் மட்டும் தனியாகக் கேட்டது. ரிபெரா அணியின் கௌரவத் தலைவர் டாக்டர் பால்தசார் இத்துரால்தே நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தார்.

"குணமாகலடா உனக்கு. செவ்வாய்க்கிழமை வா, உன்ன மறுபடி பார்க்கிறேன்."

செவ்வாய்க்கிழமை ஃபெர்மின் போனார். செலா கார்னிவலில் டிரம் வாசித்தவனைக் கட்டிக்கொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் குடிபோய்விட்டதால் ஊற்ற ஆள் இல்லை. முக்காலி அவருக்காகவே காத்திருந்தது. ஏ.சி. சொட்டுகிற மூலையில் நாற்காலி இல்லை. அது வட்டத்துக்குள் வந்திருந்தது. டாக்டர் ஓஸ்பினாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. ரொய்போன் அம்மாளுக்கும் லெய்வாவுக்கும்கூடத் தொண்டை கட்டியிருந்தது. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று யாரும் கேட்கவில்லை. வட்டத்தில் இருப்பவர்கள் அதையெல்லாம் கேட்பதில்லை.

ஃபெர்மின் முதல் கோப்பையைத் தானே குடித்தார். இரண்டாவதை ஊற்றினார். இத்துரால்தே கையை நீட்டி, தொண்டையைச் செருமினார். "அந்த ஞாயித்துக்கிழமை ஆஃப்சைடு விஷயமா..."

கோப்பை அவரைத் தாண்டிப் போனது.

அடுத்த சுற்றிலும் தாண்டிப் போனது. அடுத்த செவ்வாய்க்கிழமையும். அந்த ஆஃப்சைடைப் பற்றி டாக்டர் இத்துரால்தேயின் கருத்து என்ன என்பது இன்றைக்கு வரைக்கும் மருத்துவ உலகத்துக்குத் தெரியாது. கையை மட்டும் தூக்கி வைத்திருக்கிறாராம்.